எந்தக் கால், சேர்?

கூடைப்பந்தாட்டத்தில் நடுவராக நிற்பவருக்கு ஆகக் கஷ்டமான வேலை, பந்தோடு நடப்பதைக் கண்டுபிடிப்பதுதான். அடித்தால் தெரியும். தள்ளினால் தெரியும். கோட்டை மிதித்தால் வெளியே நிற்கிற ஐஸ்பழக்காரனுக்கும் தெரியும். நடப்பது மட்டும் அப்படியல்ல. போன மாதம் புதிய நடுவர்களுக்கு வகுப்பு எடுத்தபோதும் நான் முதலில் சொன்னது இதைத்தான்.

வகுப்பு முடியும் நேரம் ஓர் இளம் ஆசிரியர் எழும்பி, நான் எப்போதாவது பிழையாக விசில் ஊதியிருக்கிறேனா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். இல்லை என்று சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி மனதில் கிடந்தது. நான் சொன்னது சரியான பதில்தான். ஆனால் முழுவதையும் சொன்னால்தான் அது ஏன் சரியென்று விளங்கும். வகுப்பில் சொல்லக்கூடிய விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

என் பெயர் அபூசாலி. கல்முனையில் ஒரு பாடசாலையில் விளையாட்டு ஆசிரியராக இருக்கிறேன். எழுபத்தெட்டில் சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம் எங்கள் பாடசாலையில் சீமெந்தினால் ஒரு கூடைப்பந்துத் திடல் போட்டார்கள். அக்கம்பக்கத்தில் அப்போது வேறு திடல் இல்லை. மருதமுனை, சாய்ந்தமருது, நற்பிட்டிமுனைப் பெடியன்களெல்லாம் அங்கேதான் வந்து பழகினார்கள். விதிப்புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை படித்தவர்கள் இரண்டு பேர்தான். ஒன்று நான். மற்றவர் கனகசபாபதி. தபாற்கந்தோரில் வேலை செய்தார். கொழும்பில் படிக்கும் காலத்தில் ஆடியவர். போட்டி என்றால் இருவரும் சேர்ந்தே நடுவர்களாக நிற்போம்.

விதி சின்னதுதான். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிறவன் அதைக் கையில் பிடித்துவிட்டால், அதன் பிறகு இரண்டு அடிதான் வைக்கலாம். பிடிக்கும்போதே ஒரு கால் தரையில் இருந்தால் அதுவே முதலாவது அடி. கால் தரையில் படாமல் இருந்தால், அடுத்துப் படுவதுதான் முதலாவது. வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் பிடிப்பது கை, நடப்பது கால். இரண்டுக்கும் இடையில் ஓர் ஆள் உயரம் இருக்கிறது. கையைப் பார்க்கிற கண்ணால் அதே நேரம் காலையும் பார்க்க முடியாது.

அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். கடல் பக்கத்திலிருந்து வருகிற காற்றுக்கு எங்கள் திடலில் எப்போதும் மணல் படிந்திருக்கும். சப்பாத்துப் போட்டவன் கால் வைத்தால் சரக்கென்று கேட்கும். நான் கையைக் கண்ணால் பார்த்தேன், காலைக் காதால் கேட்டேன். கனகசபாபதிக்குக்கூட இதைச் சொன்னதில்லை. என் தீர்ப்புகளைப் பற்றி ஊரில் நல்ல பேர் இருந்தது. கூட்டம் "நடக்கிறான், நடக்கிறான்" என்று கத்தினாலும், நான் ஊதாவிட்டால் அவன் நடக்கவில்லை என்று ஏற்றுக்கொள்வார்கள். சேருக்குப் பருந்துக் கண் என்றார்கள். காது என்று யாருக்கும் தோன்றவில்லை.

மசூர் சப்பாத்துப் போடுவதில்லை.

அவன் மருதமுனைக் கழகத்துக்கு ஆடினான். தறி நெய்கிற குடும்பம். தறியின் மிதிகளில் மாறி மாறி மிதித்துப் பழகிய கால்கள். பாதம் அகன்று, விரல்கள் விரிந்து, கடையில் விற்கிற எந்தச் சப்பாத்துக்குள்ளும் அடங்காது. ஒருமுறை கழகத்தார் கொழும்பிலிருந்து ஒரு சோடி எடுப்பித்துக் கொடுத்தார்கள். போட்டு ஒரு சுற்று ஓடினான். கழற்றி ஓரமாக ஒழுங்காக வைத்துவிட்டு வெறுங்காலோடு திரும்பி வந்தான். அவன் ஓடினால் சத்தமே வராது. பூனை மதிலில் நடப்பதுபோல இருக்கும். அவன் பந்தைப் பிடித்துக்கொண்டு கூடையை நோக்கிப் போகும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தடுமாற்றம்தான். கண்ணை மேலே வைப்பதா கீழே வைப்பதா என்று தெரியாமல், பெரும்பாலும் ஊதாமல் விட்டுவிடுவேன். ஊதாமல் விடுவதும் ஒரு தீர்ப்பு என்பதை நடுவராக நின்றவர்கள்தான் அறிவார்கள்.

எண்பத்திரண்டில் இறுதிப் போட்டி எங்கள் பாடசாலைப் பழைய மாணவர்களுக்கும் மருதமுனைக் கழகத்துக்கும் நடந்தது. மதிலிலும் வேப்பமரத்திலும்கூட ஆட்கள். ஆட்டம் முடியப்போகும் நேரம் எங்கள் பக்கம் ஒரு புள்ளி முன்னால் நின்றது. மசூர் இடது பக்கத்தால் பந்தைக் கொண்டு வந்தான். வலது கால் முன்னே வந்த கணத்தில் பந்து அவன் கைகளுக்குள் நின்றது. பிறகு இடது, வலது, மேலே எழுந்தான். பந்து வளையத்தில் படாமல் உள்ளே விழுந்தது.

விசில் ஊதினேன். ஊதிய சத்தம் காதில் விழுந்த பிறகுதான், ஊதியது நான் என்று எனக்கே தெரிந்தது. கைகளைச் சுழற்றி, பந்தோடு நடந்தான் என்று காட்டினேன். கூடை செல்லாது என்றேன்.

மருதமுனையார் கூச்சலிட்டார்கள். மசூர் கூச்சலிடவில்லை. பந்தை எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்.

"எந்தக் கால், சேர்?"

மிகவும் நியாயமான கேள்வி. பிடிக்கும்போது வலது கால் தரையில் இருந்தது என்று நான் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வலது, இடது, வலது, மூன்று அடி. ஆனால் வலது கால் முன்னே வந்ததை மட்டும்தான் கண்டிருந்தேன். அது தரையில் பட்டதைக் காணவில்லை. காதுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. "விளையாடு" என்று மட்டும் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். எங்கள் பக்கம் வென்றது.

அன்று பின்னேரம் வேப்பமரத்தடியில் சோடா குடித்துக்கொண்டிருந்தபோது கனகசபாபதி மெதுவாகக் கேட்டார்.

"நீங்க காலப் பார்த்தீங்களா, கையப் பார்த்தீங்களா?"

"ரெண்டையும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு போத்தலைப் பார்த்தார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மசூர் கேட்ட கேள்வி திடலைவிட்டு வெளியே போய்விட்டது. முதலில் பெடியன்கள் பிடித்துக்கொண்டார்கள். பிறகு பெரியவர்கள். பஸ் நிலையத்தில் நான் ஏறப்போகும்போது கொண்டக்டர், "எந்தக் கால முதல்ல வெக்கப்போறீங்க, சேர்?" என்று கேட்டான், பஸ் முழுக்கச் சிரித்தது. பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டியில், ஹவுளில், தொழுகைக்கு முன் ஒளு எடுத்துக் கழுவக் காலை நீட்டினால் பக்கத்தில் இருப்பவர் ஒன்றும் பேசமாட்டார், ஆனால் தோள் குலுங்கும். முடிவெட்டுகிற கடையில், சாப்பாட்டுக் கடையில், சந்தையில், எங்கே போனாலும் இதே கதைதான். ஒரு நாள் காலையில் வீட்டில் ஒரு செருப்பைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தேன். என் மனைவி றம்லா அடுப்படியிலிருந்து, "எந்தக் கால் செருப்பு?" என்றாள். சொன்ன உடனேயே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனாலும் அன்று நான் பாடசாலைக்குப் போகவில்லை.

அடுத்த வருடம் கூடைப்பந்துச் சங்கத்தார் என்னை இறுதிப் போட்டிக்கு நடுவராக அழைக்கவில்லை. நேரம் பார்க்கிற மேசையில் உட்காரச் சொன்னார்கள். கனகசபாபதியோடு மட்டக்களப்பிலிருந்து வேறொருவர் நின்றார். மசூர் அன்று நிறையப் புள்ளிகள் எடுத்தான். அந்தப் புதிய நடுவர் ஒருமுறையும் அவனுக்கு ஊதவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் மசூர் என் வீட்டுக்கு வந்தான். அசர் தொழுகைக்குச் சற்று முந்தி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டே கதைத்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சேர், நான் பகிடிக்குக் கேக்கல்ல. ஊரெல்லாம் இப்பிடிக் கதைக்கிறது எனக்கு வெக்கமா இருக்கு. நான் விளங்கிக்கொள்ளத்தான் கேட்டன். பிழை விட்டிருந்தா திருத்தலாமெண்டு."

எனக்குக் கோபமில்லை என்றேன். அவன் முற்றத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"முற்றத்தில ஒருக்காச் செஞ்சு காட்டட்டா? நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா நான் ஏத்துக்குவன்."

தொழுகைக்கு நேரமாகிவிட்டது, இன்னொரு நாள் வா என்று அனுப்பிவிட்டேன். பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருந்தது. அது அவனுக்கும் தெரியும். ஓம் சேர் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் பகிடி பண்ணியிருந்தால் நான் மறந்திருப்பேன். பகிடி பண்ணுகிறவர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும். பாடசாலையில் என்னிடம் அடி வாங்கிய எத்தனையோ பேர் இன்று என்னைக் கண்டால் மடித்துக் கட்டிய சாரனை இறக்கிவிட்டு வணக்கம் சொல்கிறார்கள். ஆனால் இவன் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினான். அப்படிப்பட்ட ஒருவனை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

எண்பத்தைந்தில் இங்கே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு கனகசபாபதி இடமாற்றம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். திடலில் போட்டிகள் நின்றன. புல் வெடிப்புகளுக்குள்ளால் முளைத்தது. மசூர் முனவ்வறா என்ற பிள்ளையைக் கட்டி, மாமியார் வீட்டில் இரண்டு தறி போட்டு நெய்துகொண்டிருந்தான். வழியில் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி ஸலாம் சொல்வான். நானும் பதில் சொல்வேன். எங்களுக்குள் ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை என்று யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

அடுத்த வருடம், மாரி தொடங்குவதற்கு முன், நற்பிட்டிமுனையில் றம்லாவின் வயலைப் பார்த்துவிட்டு சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. பெரிய வீதிப் பக்கம் ஒரு வெடிச்சத்தம். படையினர் போன வாகனத்துக்கு யாரோ குண்டு எறிந்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரியும். நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஒரு தென்னோலைக் கிடுகு வேலியோரம் குப்புறப் படுத்துக்கொண்டேன். வேலியின் அடிப்பக்கம் உக்கிப்போய் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதற்கு அப்பால் யாரோ ஓடினார்கள். எனக்குத் தெரிந்தது கால்கள் மட்டும்தான்.

வீதியில் அகப்பட்டவர்களையெல்லாம் படையினர் பிடித்தார்கள். என்னையும் பிடித்தார்கள். நான் கல்லூரிக் காலத்தில் சிங்களப் பகுதியில் இருந்தவன், பாஷை நன்றாக வரும். ஆசிரியர் என்று சொன்னதும் அதிகாரியிடம் கொண்டுபோனார்கள். அவருக்கு என் வயதுதான் இருக்கும். என்ன பாடம் என்று கேட்டார். விளையாட்டு என்றேன். எந்த விளையாட்டு என்றார். சொன்னேன். அவர் முகம் மாறியது. தானும் பாடசாலைக் காலத்தில் கூடைப்பந்து ஆடியதாகச் சொன்னார். தேநீர் வரவழைத்தார். நடுவராக இருப்பதில் ஆகக் கஷ்டம் பந்தோடு நடப்பதைப் பிடிப்பதுதான் இல்லையா என்று அவராகவே கேட்டார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அந்தத் தொழிலைப் பற்றி என்னோடு ஒருவர் மதிப்பாகக் கதைத்தார். எவ்வளவு நேரம் கதைத்தோம் என்று தெரியாது.

அப்போதுதான், ஓடினவனைக் கண்டேன், ஆனால் கால்களை மட்டும்தான் கண்டேன் என்று சொன்னேன். அதிகாரி சிரித்தார். உங்களைப் போன்றவருக்குக் கால்கள் போதும் என்றார்.

யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அதையும் சொல்லிவிடுவதே நியாயம்.

மறுநாள் காலையில் ஊர்களைச் சுற்றிவளைத்தார்கள். மருதமுனையிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் வாலிபர்களைக் கொண்டுவந்து எங்கள் பாடசாலைத் திடலில் இருத்தினார்கள். திடலை ஒட்டி விளையாட்டுச் சாமான்கள் வைக்கிற ஓர் அறை இருக்கிறது. அதன் சுவரில், தரையோடு தரையாக, கழுவுகிற தண்ணீர் வெளியே போக ஒரு துவாரம் விட்டிருந்தார்கள். ஒரு செங்கல் அளவு இருக்கும். அதிகாரி என்னை அந்த அறைக்குள் இருத்தினார். பழைய பாய் ஒன்றை விரித்து நான் தரையில் படுத்தேன். துவாரத்தால் பார்த்தால் முழங்காலுக்கு மேல் ஒன்றும் தெரியாது. என்னையும் யாரும் காணமுடியாது. வாசலில் ஒரு சிப்பாய் நின்றான். நான் தலையசைத்தால் அவன் வெளியே கையைக் காட்டவேண்டும்.

ஒவ்வொருவரையும் திடலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓடவைப்பதாக ஏற்பாடு. எல்லாரும் செருப்பையும் சப்பாத்தையும் கழற்றிவிட்டு ஓடவேண்டும் என்பது நான் சொன்ன யோசனை. காலைத் தெளிவாகப் பார்ப்பதற்கு அதுதான் நல்லது என்று அதிகாரிக்கு விளக்கினேன். அவர் ஏற்றுக்கொண்டார்.

வேலிக்கு அப்பால் நான் கண்ட கால்களில் சப்பாத்து இருந்தது. கன்வஸ் சப்பாத்து, ஒரு பக்கம் நூல் அவிழ்ந்து இழுபட்டது. அதிகாரி என்னிடம் சப்பாத்து இருந்ததா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பெடியன்கள் ஓடினார்கள். பலருடைய கால்களை எனக்குத் தெரியும். என்னிடம் படித்தவர்கள். சிலருக்குப் பயத்தில் கால் பின்னியது. ஒருவன் விழுந்து எழும்பினான். நான் அசையாமல் படுத்திருந்தேன். ஒருவரையும் காட்டிக்கொடுக்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். எல்லாரும் ஓடி முடிந்ததும், இவர்களில் ஆளில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

பிறகு மசூர் ஓடினான். அந்தப் பாதங்களை அடையாளம் காண முகம் தேவையில்லை. துவாரத்துக்கு நேரே, இடது பக்கத்தால் வந்தான். நான் தரைமட்டத்தில் கண்ணை வைத்திருந்தேன். நடுவர் ஒருவரும் ஒருநாளும் அப்படிப் பார்த்திருக்கமாட்டார். நின்றுகொண்டு மேலேயிருந்து பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். மேலேயிருந்து பார்த்தால் கால் தரையில் பட்டதும் தெரியாது, படாததும் தெரியாது.

அவன் நீண்ட அடி எடுத்துவைப்பதற்கு முன்னால் வலது கால் முன்னே வந்தது. வந்து, தரையில் படவில்லை. பாதத்துக்கும் சீமெந்துக்கும் இடையில் ஒரு விரல் அளவு வெளிச்சம் தெரிந்தது. மணலைக்கூடத் தொடாமல் நழுவிப் போய், இடது கால்தான் முதலில் விழுந்தது. அவன் உடம்பின் இயல்பே அதுதான். தறியில் மிதித்து மிதித்து வந்த பழக்கமாக இருக்கலாம். அவனுக்கே அது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் என்னிடம் வந்து கேட்டிருக்கமாட்டான்.

அதாவது, அன்று இறுதிப் போட்டியில் அவன் நடக்கவில்லை. பந்தைப் பிடித்தபோது வலது கால் காற்றில் இருந்தது. இடது ஒன்று, வலது இரண்டு. கூடை செல்லும். மருதமுனைதான் வென்றது. பஸ்ஸில் சிரித்தவர்கள், ஹவுளில் தோள் குலுங்கியவர்கள், வேப்பமரத்தடியில் போத்தலைப் பார்த்த கனகசபாபதி, எல்லாரும் சரி.

சிப்பாய் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தலையை அசைத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். பலமுறை யோசித்திருக்கிறேன். பழிவாங்கினேன் என்று சொல்வது பிழை. அவன்மீது எனக்குக் கோபம் இருக்கவில்லை, அந்த நேரத்தில் ஒரு பரிவுகூட இருந்தது. ஒரு நடுவர் தீர்ப்புச் சொல்லிவிட்டால் அது முடிந்த காரியம். பிறகு தரையில் படுத்துப் பார்த்து, வேறு விதமாகத் தெரிகிறது என்று மாற்றத் தொடங்கினால் விளையாட்டென்று ஒன்று இருக்காது. அவன் பிழை செய்தவன் என்று நான் முன்னமே தீர்மானித்துவிட்டேன். பிழை செய்தவனைக் கண்டால் காட்டவேண்டும். நான் அந்த ஒழுங்கைக் காப்பாற்றினேன். அவ்வளவுதான் நடந்தது.

வெளியே அவனை மறித்தார்கள். "நான் வீட்டில நெசவில இருந்தன், சேர்மாரே. கேட்டுப் பாருங்க" என்று அவன் சொல்வது கேட்டது. உரத்துச் சொல்லவில்லை. யாருக்கோ வழி சொல்வதுபோலச் சொன்னான். பிறகு வாகனத்தின் பின்கதவு சாத்துகிற சத்தம். அதிகாரி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சாமான் அறையின் பின்வாசலால் என்னை வெளியே விட்டார்கள்.

இரண்டு கிழமைக்குப் பிறகு முனவ்வறா என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு குழந்தை. முதலில் றம்லாவிடம் கதைத்து அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சேருக்குச் சிங்களம் தெரியுமெண்டு எல்லாரும் சொல்லுறாங்க. அவரு சேரப் பத்தி எப்பவும் நல்லாத்தான் கதைப்பாரு. முகாம் வாசலுக்கு ஒருக்கா என்னோட வருவீங்களா? நான் கேட்டா ஒருத்தரும் மறுமொழி சொல்லுறாங்க இல்ல."

றம்லா என்னைப் பார்த்தாள். நான் சட்டையை மாற்றிக்கொண்டு புறப்பட்டேன். அப்படி ஒரு பெண் வந்து கேட்கும்போது மறுக்கிற மனம் எனக்கு இல்லை.

முகாம் வாசலில் அந்த அதிகாரியே வந்தார். என்னைக் கண்டதும் கையைக் குலுக்கினார். முனவ்வறாவின் முகம் மலர்ந்தது. சேரை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, எப்படியும் விட்டுவிடுவார்கள் என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தாள். குழந்தைக்கும் சொன்னாள். அன்று அதிகாரி விசாரணை நடக்கிறது என்று மட்டும்தான் சொன்னார்.

இரண்டாவது தடவை போனபோது அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மசூர் ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை, கடைசிவரை தறியைப் பற்றியே சொன்னான் என்றார். கடைசிவரை என்று அவர் சொன்ன விதத்தில் எனக்கு விளங்கிவிட்டது. அந்தப் பெண்ணை இனி இங்கே கூட்டிவரவேண்டாம், காரியம் முடிந்துவிட்டது என்றார். சிங்களத்தில்தான் சொன்னார். முனவ்வறா சற்றுத் தூரத்தில் குழந்தையோடு நின்று எங்கள் வாய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் வந்து, வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்களாம், எங்கே என்று விசாரித்துச் சொல்வார்களாம் என்றேன்.

"உசிரோட இருக்காரா, சேர்?"

"இருக்காராம், பிள்ள."

அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அங்கேயே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். அல்லாஹ்வுக்குப் புகழ் சொன்னாள். வாசலில் நின்ற சிப்பாய் எங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதன் பிறகு நாங்கள் பல இடங்களுக்குப் போயிருக்கிறோம். அம்பாறைக்கு, மட்டக்களப்புக்கு, இன்னும் உள்ளே ஒரு ஊருக்கு. பாடசாலை விடுமுறை வந்தால் அவள் குழந்தையையும் ஒரு சோற்றுப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். ஒவ்வொரு வாசலிலும் நான் கதைக்கிறேன், அவள் காத்திருக்கிறாள். அவர்கள் சொல்வதை அவளுக்கு ஏற்றவாறு சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் குழந்தை இப்போது வளர்ந்துவிட்டது. பஸ்ஸில் என் மடியில்தான் தூங்கும். ஊரில் என்னைப் பற்றி இப்போது வேறு விதமாகக் கதைக்கிறார்கள். தன் வேலையை விட்டுவிட்டு ஒரு ஏழைப் பெண்ணுக்காக அலைகிறார் என்று பள்ளிவாசலில் ஒருவர் என் முன்னாலேயே சொன்னார். சங்கத்தார் மறுபடியும் என்னை நடுவராக அழைக்கிறார்கள். வகுப்பெடுக்கச் சொன்னதும் அதனால்தான்.

ஆகவே அந்த இளம் ஆசிரியருக்கு நான் சொன்ன பதிலில் பொய் இல்லை. ஒருமுறை விசில் ஊதினேன், ஒருமுறை தலையசைத்தேன், இரண்டு தீர்ப்பையும் பிறகு மாற்றவில்லை. குண்டு எறிந்தவன் மசூர் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் தலையசைத்தேன். இதை வேறு எப்படியும் எழுத முடியாது.

முனவ்வறாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்ததுண்டு. சொன்னால் அவள் அதன் பிறகு என்னோடு வரமாட்டாள். பாஷை தெரியாத பிள்ளை, ஒரு குழந்தையையும் வைத்துக்கொண்டு, அந்த வாசல்களுக்கெல்லாம் தனியாகப் போய் நிற்கவேண்டிவரும். அப்படி ஒரு பாவத்தைச் செய்ய எனக்கு மனம் இடம் கொடுக்காது.